‘ஓம்’ இருந்த இடத்தில் ஒரு ‘ம்’

வானொலி நாட்களைப் பற்றி இன்னும் எழுதுங்கள் என்று கேட்ட வாசகர்கள் இந்த வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் குரலை நானே மெச்சிக்கொண்டு பல வாரங்கள் எழுதியாகிவிட்டது. அந்தக் குரல் செய்த ஒரு கேவலத்தையும் எழுதிவிடுகிறேன்.

திருச்சியில் ஒரு தியேட்டர். பகல் காட்சி. குளிர்சாதனம் உண்டு என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தார்கள். உள்ளே மின்விசிறிதான் சுற்றியது. ஈரக் கம்பளத்தின் வாடையும் பாப்கார்ன் வெண்ணெயின் வாடையும் கலந்து அடித்தன. என் வலப்பக்கம் என் மனைவி ரங்கநாயகி. இடப்பக்கம் பூமணி அம்மாள். அவருக்கு அந்தப் பக்கம் அவருடைய மகன், இரண்டு ஆள் அகலத்தை ஒரே இருக்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் வில்லனாகக் கர்ஜித்துக்கொண்டிருந்தவரும் அவரேதான்.

பூமணி அம்மாள் திரையைப் பார்க்கவில்லை. அவருக்குக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். தலையைச் சாய்த்து, ஒரு காதைத் திரைப்பக்கம் கொடுத்து உட்கார்ந்திருந்தார். மகன் நடித்த எல்லாப் படங்களையும் அவர் அப்படித்தான் கேட்டிருக்கிறார். ஒன்றில்கூட மகனின் குரல் இல்லை. மகனின் வாயிலிருந்து வந்ததெல்லாம் என் குரல்.

இந்தப் படத்தில் ஒரே ஒரு சொல் மகனின் சொந்தக் குரலில் வரும் என்று நம்பி அவர் வந்திருந்தார். மகனும் அப்படித்தான் நம்பினார். அந்தச் சொல் படத்தில் இல்லை என்பது அந்த வரிசையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நீக்க வைத்தவன் நான்.

ஸ்டீல் ராஜா

அவருடைய சொந்தப் பெயர் யோகராசா. வீட்டில் ராசன். இலங்கையில் மன்னார்ப் பக்கத்திலிருந்து சிறு வயதில் தாயோடு படகில் வந்தவர். தகப்பன் அந்தக் கரையிலேயே போய்விட்டார். திருச்சிக்கு வெளியே அகதிகள் முகாமில் ஒரே அறை வீடு. பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் இரும்புத் தகடு தூக்கும் வேலை.

பகலில் கூலிக்கு இரும்பு தூக்கியவர், மாலையில் உறையூரில் ஒரு மாடிக்குப் போய்ச் சும்மாவே இரும்பு தூக்கினார். இதன் தர்க்கம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆணழகன் போட்டிகளில் பரிசு வாங்கினார். பிற்பாடு ஒருமுறை அப்படி ஒரு போட்டிக்குப் போயிருக்கிறேன். எண்ணெய் தடவிய கத்திரிக்காய்கள் போல ஆண்கள் வரிசையாக நின்று, மூச்சை அடக்கி, பல்லைக் காட்டினார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தெரியாதவர்களின் கலை என்று அன்று வீட்டுக்கு வந்து சொன்னேன். சொன்ன வாக்கியம் எனக்கே பிடித்துப்போய் இன்னும் இரண்டு பேரிடம் சொன்னேன்.

அங்கிருந்துதான் சினிமாக்காரர்கள் அவரைப் பிடித்துப் போனார்கள். யோகராசாவை வெட்டி ராஜா ஆக்கி, முன்னால் ஒரு ஸ்டீலை ஒட்டினார்கள். சொந்த ஊர் மதுரை என்று சுவரொட்டி அடித்தார்கள். ‘மதுரை மண்ணின் மைந்தன்’ மதுரையைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தார். அகதி என்று தெரிந்தால் படம் ஓடாதா என்று கேட்டவர்கள் யாரும் இல்லை. நானும் கேட்கவில்லை.

முதல் சில படங்களில் கதாநாயகனிடம் அடிவாங்குவதுதான் வேலை. குறிப்பிட்ட நாட்களில் கணக்கெடுப்புக்கு முகாமில் ஆள் நேரில் நிற்க வேண்டும். அதனால் அவரைச் சீக்கிரம் கொன்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இடைவேளைக்கு மேல் அவர் உயிரோடு இருந்த படங்கள் குறைவு.

என் தொண்டை

நான் ஆங்கில இலக்கியம் படித்து, அதற்குச் சம்பந்தமே இல்லாமல் தமிழில் செய்தி வாசித்துப் பிழைத்தவன். ஓய்வு பெற்ற பிறகும் ஸ்ரீரங்கத்தில் காய்கறிக்காரர் என் குரலைக் கேட்டதும் தராசை நிறுத்திவிட்டு, ‘செய்தி சார்தானே’ என்பார். வெண்டைக்காய் என்ன விலை என்பதைக்கூட நான் நிறுத்தி, அழுத்தி, மூன்று கட்டை இறக்கித்தான் கேட்பேன்.

திருச்சிக்கார இயக்குநர் ஒருவர் அந்தக் குரலைத் தேடி வீட்டுக்கு வந்தார். ராஜாவுக்கு முதன்முதலாகப் பேசும் வேடம் கொடுக்கப்போவதாகவும், அவர் பேச்சு சரிப்படாது என்றும், நான்தான் குரல் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். காலை ரயிலில் சென்னைக்குப் போய், ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘டேய்’ என்றும் ‘தூக்குங்கடா அவன’ என்றும் பேசிவிட்டு வந்தேன். படம் ஓடியது. அடுத்தடுத்த படங்களிலும் நானே பேசினேன்.

‘உடம்பு ராஜாவோடது, உயிர் சாரோடது’ என்று இயக்குநர் ஒரு மேடையில் சொன்னார். அதை நான்கு சித்திரை வீதிகளிலும் நானே பரப்பினேன். ஆளை அப்போது நான் ‘அவன்’ என்றுதான் குறிப்பிடுவேன். இப்போது எழுதும்போது கை தானாக ‘அவர்’ என்று எழுதுகிறது. காலம் கடந்த மரியாதை.

காபிக்கு ஓங்காரம்

நன்றி சொல்ல ராஜா ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். தலையைக் குனிந்து, தோளைச் சாய்த்துத்தான் வாசல் நிலையைத் தாண்ட முடிந்தது. வெளியில் அவர் திருச்சிக்காரர்களைப் போலவே ‘வாங்க, சொல்லுங்க’ என்று பேசுவார். பதற்றம் வந்தால் மட்டும் தாய்ப்பேச்சு முந்திக்கொள்ளும். ‘ஆமாம்’ என்று இலங்கைத் தமிழர்கள் சொல்வதில்லை. ‘ஓம்’ என்பார்கள்.

“காபி சாப்பிடறேளா?” என்று ரங்கநாயகி கேட்டாள்.

“ஓம்,” என்றார் ராஜா.

அவள் டம்ளரோடு நின்றுவிட்டாள். “என்னன்னா, ஏதாவது சங்கல்பம் பண்ணிக்கிறாரா?” என்று என்னைப் பார்த்தாள். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள்.

நான் விடுவேனா? “பிரணவத்தோடதான் இவன் காபியே குடிப்பான்,” என்றேன். அன்று வைத்த பெயர் ஓங்காரம். அதைச் சென்னைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். படப்பிடிப்பில் விளக்குப் பிடிப்பவர்வரை ‘ஓங்காரம் வந்தாச்சா?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். ராஜா சிரிப்பார். சிரித்ததால் அவருக்கும் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். இவ்வளவு படித்தவனுக்கு அந்த அளவுதான் புத்தி.

ஒரு சொல்

நான் சொல்ல வந்த படத்தில் அவர்தான் முக்கிய வில்லன். கடைசியில் கதாநாயகன் கேட்பான்: ‘எங்க அண்ணன நீதான் கொன்னியா?’ ராஜா ‘ஆமா’ என்று சொல்ல வேண்டும். வசனம் அவ்வளவுதான். மனப்பாடம் செய்துகொண்டுதான் போயிருக்கிறார். கேமரா ஓடும்போது என்னவோ ஆகி, வாயில் ‘ஓம்’ வந்துவிட்டது.

அந்தத் தடவை எடுத்ததில்தான் கண்கள் நன்றாக இருக்கின்றன என்று இயக்குநர் அதையே வைத்துக்கொண்டார். குரல் எப்படியும் என்னுடையதுதானே.

நான் சென்னைக்குப் போவதற்கு முன்பு ராஜா மறுபடி வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடியே பேசினார்.

“சார், ஒரு உதவிங்க. அம்மாவுக்குக் கண் தெரியாதுங்க. படத்தை அவங்க கேக்கத்தான் வர்றாங்க. ‘இது யாரோ பெரிய மனுசன் கதைக்கிறார், நீ எங்க நிக்கிறாய்’னு ஒவ்வொரு வாட்டியும் கேக்குறாங்க. அந்த ஒரு சொல்லை மட்டும் என் குரல்லயே விடச் சொல்லுவீங்களா?”

“அதெல்லாம் டைரக்டர் பாத்துப்பார்ப்பா.”

“அவரைக் கேட்டேன். சார் சரின்னா எனக்குச் சரின்னு சொல்லிட்டாருங்க.”

“பாக்கலாம்,” என்றேன்.

“ஓம் ஐயா,” என்றார். பாவம், அந்தப் ‘பாக்கலாம்’ என்பதை ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் ‘பாக்கலாம்’ என்றால் முடியாது என்று அர்த்தம். வெளியிலிருந்து வந்தவருக்கு அது தெரிய நியாயமில்லை.

குரல் கொடுக்கும் முறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படப்பிடிப்பில் பதிவான அசல் குரலை முதலில் காதில் போடுவார்கள். அதைக் கேட்டு, திரையில் உதடு அசைவதைப் பார்த்து, அதன்மேல் நாம் பேச வேண்டும். அன்று அந்த இடம் வந்தது. கதாநாயகன் கேட்டான். ராஜா சொன்னார். மறுபடி போடச் சொன்னேன். இன்னொரு தடவையும் போடச் சொன்னேன்.

“சார், நல்லாத்தானே இருக்கு? இதை அவர் குரல்லயே விட்டுடலாமா?” என்று இயக்குநர் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டார்.

“மதுரைக்காரன் ஓம்னு சொல்லுவானாய்யா? வில்லன் கொலையை ஒத்துக்கறானா, அர்ச்சனை ஆரம்பிக்கிறானான்னு தியேட்டர்ல குழம்பிடுவா,” என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தார். சிரிப்பு வந்துவிட்டால் சினிமாவில் ஒரு விஷயம் முடிந்த மாதிரி.

ஆனால் ‘ஆமா’ அந்த உதட்டில் ஒட்டவில்லை. ‘ஓம்’ சொல்லும் வாய் குவிந்து மூடுகிறது. ‘ஆமா’ சொல்லும் வாய் திறந்து நிற்கும். கடைசியில், மூடிய வாய்க்குப் பொருத்தமாக நான் தொண்டைக்குள்ளிருந்து ஒரு ‘ம்’ கொடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அசல் குரலை அழித்தார்கள். வேலை முடிந்து தயிர்சாதம் சாப்பிட்டேன்.

மறுபடி அந்த இருட்டு

படம் வெளியான வாரம் ராஜாவே வந்து எங்கள் இருவரையும் தியேட்டருக்கு அழைத்தார். நான் தலைவலி என்றேன். ரங்கநாயகி விடவில்லை. “அம்மாவை அழைச்சுண்டு வராராம். மரியாதைக்காவது வாங்கோ,” என்றாள். போனேன். ஒரே ஒரு சொல், அதுவும் சண்டைச் சத்தத்துக்கு நடுவில்; தெரியாமல் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

கடைசிக் காட்சி நெருங்கியதும் ராஜா தாயின் பக்கம் குனிந்து, “அம்மா, இப்ப வருது,” என்றார். பூமணி அம்மாள் மகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். சேலைத் தலைப்பைக் காதிலிருந்து ஒதுக்கினார். சண்டைச் சத்தம் என்று நினைத்தேன் அல்லவா, அந்த இடத்தில் இயக்குநர் இசையைக்கூட நிறுத்தியிருந்தார்.

‘எங்க அண்ணன நீதான் கொன்னியா?’

‘ம்.’

தியேட்டரே அதிர்ந்தது. பின்வரிசையில் விசில். என்னுடைய ‘ம்’ முப்பது வருட மைக் அனுபவத்தின் சாரமாக அந்தக் கூரைக்குக் கீழே உருண்டு போனது.

சத்தம் அடங்கிய பிறகு பூமணி அம்மாள் மெதுவாகக் கேட்டார்: “ராசன், சொல்லிட்டியோ?”

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜா தாயின் காதருகே குனிந்தார்.

“ஓம் அம்மா. சொல்லிட்டன்.”

“சரி,” என்று அவர் சாய்ந்துகொண்டார். மகனின் முழங்கையை விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் ராஜா எங்களுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உதடு, ஒட்டுதல், மதுரைத் தமிழ் என்று சொல்ல ஒரு சொற்பொழிவே தயாராக வைத்திருந்தேன். ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியபோது ரங்கநாயகி, “அந்த ‘ம்’ நீங்கதானே?” என்றாள். “ம்,” என்றேன்.

அதற்குப் பின் ராஜா பேசும் வேடம் எதையும் ஏற்கவில்லை என்று கேள்விப்பட்டேன். ஊமை அடியாளாக ஒன்றிரண்டு படம் நடித்துவிட்டுச் சினிமாவையே விட்டார். உறையூரில் பழைய மாடியிலேயே மற்றவர்களுக்கு இரும்பு தூக்கக் கற்றுக்கொடுத்தார். திமிர் என்று சொன்னார்கள். நானும் சொன்னேன்.

‘ம்’ அடைந்த புகழ்

இத்தனை வருடம் கழித்து அந்த ‘ம்’ செல்பேசிகளில் கிளம்பியது. யாரோ அந்த ஒரு நொடியை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். மனைவி கேள்வி கேட்டால் கணவன் ‘ம்’. மேலதிகாரி கேட்டால் ஊழியன் ‘ம்’. தெற்கு வாசலில் பூக்கடைப் பையன்கள் என்னைப் பார்த்ததும், “சார், ஒரு தடவ சொல்லுங்க சார்,” என்று வழிமறிக்கிறார்கள். ஆழ்வார் பாசுரங்களை வானொலியில் எத்தனை விடியற்காலைகளில் வாசித்திருப்பேன். ஒருவருக்கும் நினைவில்லை. ஒரு முனகலுக்கு ஊரே அடிமை.

போன மாதம் திருச்சியில் ஒரு மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழாவும் வைத்தார்கள். பொன்னாடை, ஆளுயர மாலை, ‘குரல் வேந்தர்’ என்று ஒரு பட்டம். வேந்தருக்கு மேடையேற இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

“ராஜாவக் கூப்பிட்டீங்களா?” என்று விழாக்காரரிடம் கேட்டேன்.

“அவர் எதுக்கு சார்? அவர்தான் பேசவே இல்லையே,” என்றார்.

மேடையில் ‘ம்’ சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றினேன். ரங்கநாயகி அதை வாங்கிக் கொக்கியில் மாட்டியபடியே சொன்னாள்:

“ஊர் பூரா கேட்டாச்சு. கேக்க வந்தவா மட்டும் கேக்கலை.”

முகாமில்

மறுநாள் காலை பேருந்து ஏறி முகாமுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. பூமணி அம்மாள் இருக்கிறாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

இருந்தார். தகரக் கூரைக்குக் கீழே, வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். நன்றாக மெலிந்திருந்தார். “வணக்கம்மா,” என்றேன்.

முகம் சட்டென்று என் பக்கம் திரும்பியது. “ராசன்,” என்று உள்ளே குரல் கொடுத்தார். “இஞ்ச வா. உன்ர படம் வந்து வாசலில நிண்டு கதைக்குது.”

ராஜா வெளியே வந்தார். தாடி நரைத்திருந்தது. தோள்கள் இறங்கி, மார்பு வயிற்றுப்பக்கம் சரிந்திருந்தது. “வாங்க சார், உக்காருங்க,” என்று ஒரு முக்காலியைப் போட்டுவிட்டு டீ போட உள்ளே போனார்.

நான் சொன்னேன். உதடு, ஒட்டுதல் என்று எதுவும் சொல்லவில்லை. அந்தச் சொல்லைத் தன் குரலிலேயே விடச் சொல்லி ராஜா கேட்டார், இயக்குநரும் விடலாம் என்றார், நான்தான் எடுக்க வைத்தேன் என்று மட்டும் சொன்னேன்.

“அது அண்டைக்கே எனக்குத் தெரியும்,” என்றார் பூமணி அம்மாள். “பிள்ளை பக்கத்தில இருந்து சொன்னதுக்கும் படத்தில வந்ததுக்கும் வித்தியாசம் தெரியாதோ எனக்கு? பழுது கண்தானே, காது இல்லையே. ஒண்டுதான் விளங்கேல்லை. உங்களுக்கு எங்களில என்ன கோவம்?”

“கோபம் இல்லம்மா.”

“பிறகு?”

முப்பது வருடம் ஒரு நொடி தடுமாறாமல் வாசித்தவன் நான். அந்த வாசலில் தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன்.

“அது ரொம்ப நல்லா இருந்ததும்மா. என்னால அப்படிச் சொல்ல முடியாது. கேட்ட உடனே தெரிஞ்சுபோச்சு. அதை அப்படியே விட்டா, இத்தனை நாள் அவர் வாய்ல நான் பேசினதெல்லாம் வெறும் சத்தம்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அதான் எடுத்துட்டேன்.”

உள்ளே ஸ்டவ்வின் சத்தம் நின்றது. ராஜா டீ டம்ளர்களோடு கதவருகே வந்து நின்றார்.

“நல்லா இருந்ததா?” என்றார். “நல்லா இல்லன்னுதான் எடுத்தாங்கன்னு நெனச்சேன் சார். அதுக்கப்புறம் கேமரா முன்னாடி வாயத் திறக்கவே கூச்சமாப் போச்சு.”

நான் அவரைப் பார்க்கவில்லை.

“எப்பிடி நல்லா இருந்தது?” என்றார் பூமணி அம்மாள். “அது அழிஞ்சு போச்செண்டால், கேட்டது நீங்கள்தானே. வடிவாச் சொல்லுங்கோ.”

“கேள்வி முடிஞ்ச உடனே சொல்லலம்மா. கொஞ்சம் நின்னார். மூச்சு விட்டது கேட்டுது. அப்புறம் சொன்னார். அதுல மிரட்டல் இல்ல, அழுத்தம் இல்ல. வீட்டுல யாராவது ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னார். ஒரு கொலைகாரன் அப்படிச் சொன்னதும் எனக்கு முதுகு ஜில்லுனு ஆயிடுத்து. கடைசியில வாய் மூடின அப்புறமும் அந்த ‘ம்’ லேசா நடுங்கிண்டே இருந்தது.”

பூமணி அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார். தியேட்டரில் உட்கார்ந்த மாதிரியே தலை சாய்ந்திருந்தது.

ராஜா டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டுத் தாயின் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினார். அவ்வளவு பெரிய உடம்பு அங்கே கொஞ்ச இடத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

“ஐயா,” என்றார். “இன்னொருக்கா சொல்லுங்கோ.”

முதலிலிருந்து சொன்னேன்.